பைலட் பையில என்ன இருக்கணும்? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஓசூர் பக்கம் சின்ன விமானம் ஓட்டுறதைப் பத்தி எழுதினேன், அதுக்கு வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல பையைப் பத்தி தான். அதனால இந்த தடவை முழுக்க அதையே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி (அரூர், கல்லூரி மாணவி): அண்ணா, எனக்கு ஸ்டூடண்ட் பைலட் லைசென்ஸ் கிடைச்சிடுச்சு, அடுத்த மாசம் பெங்களூருல டிரெயினிங். ஃப்ளைட் பேக்னு தேடினா பெரிய பெரிய லிஸ்ட்டா காட்டுறாங்க. எல்லாத்தையும் வாங்கணுமா? அப்பா மாங்கா வித்த காசு, வீணாக்க மனசு வரல.

பதில்: வாழ்த்துக்கள் தங்கச்சி. எல்லாத்தையும் வாங்க வேணாம். முதல்ல ஒன்னு மனசுல வெச்சுக்க, நீ சீட் பெல்ட் மாட்டி உக்காந்து, ஒரு கை கன்ட்ரோல்ல, கண்ணு வெளிய, அந்த நிலைமையில இன்னொரு கை தானா போய் எடுக்க முடியற பொருள் தான் உன்கிட்ட இருக்கற பொருள். மத்ததெல்லாம் நீ சுமந்துட்டு போற எடை, அவ்ளோ தான்.

பேப்பருங்க முதல்ல. ஸ்டூடண்ட் லைசென்ஸ், மெடிக்கல் சர்டிஃபிகேட், ரேடியோ லைசென்ஸ் வந்திருந்தா அது, கூடவே ஒரு போட்டோ ஐடி. இதெல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவர்ல, பையோட ஒரே பாக்கெட்ல, எப்பவும் அங்கயே. 2025 பிப்ரவரில இருந்து டிஜிசிஏ, அதாவது லைசென்ஸ் குடுக்கற மத்திய அரசு விமான துறை, எலக்ட்ரானிக் லைசென்ஸ் கொண்டு வந்துட்டாங்க, அது போன்ல இருக்கும், ஆனா போன் சார்ஜ் போயிடும்ங்கறதால ஜெராக்ஸ் ஒன்னு வெச்சுக்கறது நல்லது. பறந்த மணிக்கணக்கை எழுதற லாக்புக்கை ஸ்கூல்ல கேக்கற அன்னைக்கு மட்டும் கொண்டு போ, ஒவ்வொரு பக்கமும் நிரம்பினதும் போட்டோ எடுத்து வெச்சுக்க, அது தொலைஞ்சா உன் மணிக்கணக்கை நிரூபிக்க அலையணும்.

அடுத்தது ஃப்யூவல் டெஸ்டர். கை அகலம் இருக்கற ஒரு பிளாஸ்டிக் குழாய், நடுவுல ஒரு குச்சி நீட்டிட்டு இருக்கும், விலையும் கம்மி தான், ஆனா என்னைக் கேட்டா பையிலயே முக்கியமான பொருள் இது தான். செஸ்னா 172எஸ்ங்கற சின்ன விமானத்துல மட்டும் 13 இடத்துல பெட்ரோல் எடுத்து பாக்கணும், ஒவ்வொரு ரெக்கையிலயும் 5, எஞ்சின் அடியில 3. குச்சியை டிரெயின் வால்வுல வெச்சு மேல அழுத்துனா குழாய்க்குள்ள பெட்ரோல் இறங்கும். ஏவ்கேஸ் 100எல்எல், அதாவது இந்த சின்ன விமானங்களுக்கு போடற பெட்ரோல், துணிக்கு போடற நீலத்தை லேசா கரைச்ச மாதிரி நீலமா இருக்கும். தண்ணி கலந்திருந்தா பெட்ரோலை விட கனம்ங்கறதால அடியில போய் உருண்டையா நிக்கும், குழாயை லேசா சாய்ச்சா அந்த உருண்டை ஓடறது தெரியும். இதுல ஒரு விஷயம் இருக்கு, குழாய்ல வந்தது முழுக்க தண்ணின்னா நடுவுல கோடே தெரியாது, "சுத்தமா இருக்கு"ன்னு நினைச்சுட்டு போயிடுவோம். அதனால எப்பவும் வெள்ளையா ஏதாச்சும் பின்னாடி வெச்சு, விமானத்தோட வெள்ளை பெயிண்ட்டே போதும், நீல நிறம் இருக்கான்னு பாக்கணும், மூக்குகிட்ட கொண்டு போய் வாசனையும் பாக்கணும். நிறமே இல்லாம லேசா எண்ணெய் பிசுக்கா இருந்தா ஜெட் ஃப்யூவல் கலந்திருக்கலாம், அன்னைக்கு பறக்கறதே இல்ல. நாளோட முதல் ஃப்ளைட்டுக்கு முன்னாடியும் ஒவ்வொரு தடவை பெட்ரோல் போட்ட பிறகும் இதைப் பண்ணனும். மழைக்காலத்துல வெளிய நிறுத்தி வெச்ச விமானம்னா ரெண்டு தடவை பண்ணு, யாரும் சிரிக்க மாட்டாங்க. ஸ்கூல்ல பொதுவா ஒன்னு வெச்சிருப்பாங்க தான், ஆனா நீ அவசரமா போற அன்னைக்கு பாத்து அது வேற யார் கையிலயோ இருக்கும், அதனால உன்னுது தனியா வெச்சுக்க.

நீபோர்டு, அதாவது தொடையில கட்டிக்கற சின்ன பலகை, கட்டாயம் வேணும். ஃப்ளைட் பிளான் போட்டதும் வர்ற எஃப்ஐசி (ஃப்ளைட் இன்ஃபர்மேஷன் சென்டர்) நம்பர், ஏர் டிஃபென்ஸ் கிளியரன்ஸ் நம்பர், ரன்வே, காத்து, கியூஎன்எச் (உயரம் காட்டற மீட்டர்ல வெக்கற காத்தழுத்த நம்பர்), எல்லாம் அதுல எழுதிட்டே வரணும், கன்ட்ரோல் டவர் வேகமா பேசும்போது ஞாபகத்துல வெச்சுக்கலாம்னு நினைக்கக் கூடாது. எழுத பென்சில் ரெண்டு, ஒன்னு நூல்ல கட்டி நீபோர்டோடயே தொங்கணும், கீழ விழுந்த பென்சிலை தேடி குனியற பழக்கம் விமானத்துல ஆகாது. அதே நீபோர்டு பின்பக்கம் ஒரு சின்ன அட்டை ஒட்டிக்க: ரேடியோ போச்சுன்னா டிரான்ஸ்பாண்டர்ல (ரேடாருக்கு நம்ம நம்பரை காட்டற கருவி) 7600, அவசரம்னா 7700, அப்புறம் டவர்ல இருந்து காட்டற லைட்டுக்கு அர்த்தம். பறந்துட்டு இருக்கறப்போ நிலையா பச்சைன்னா இறங்கலாம், நிலையா சிவப்புன்னா மத்த விமானத்துக்கு வழி விட்டு சுத்திட்டே இரு, பச்சை விட்டு விட்டு எரிஞ்சா இறங்கறதுக்கு திரும்பி வா, சிவப்பு விட்டு விட்டு எரிஞ்சா ஏரோட்ரோம், அதாவது விமான தளம், பாதுகாப்பா இல்ல, இறங்காத. பரிட்சைக்கு எல்லாரும் மனப்பாடம் பண்றாங்க, ரேடியோ நிஜமா செத்த அன்னைக்கு அந்த அட்டை தான் கைகொடுக்கும்.

டார்ச் எதுக்குன்னு கேப்ப, நம்ம நாட்டுல விஎஃப்ஆர், அதாவது கண்ணால வெளிய பாத்து பறக்கறது, பொதுவா பகல்ல மட்டும் தானே. பகல்லயும் வேணும். எஞ்சின் மூடிக்குள்ள குருவி கூடு கட்டிருக்கா, எண்ணெய் கசியுதா, டேங்க் உள்ள எவ்ளோ இருக்குன்னு எட்டி பாக்க டார்ச் இல்லாம முடியாது. சிவப்பு லைட் மட்டும் வர்றதை வாங்காத, அந்த வெளிச்சத்துல மேப்ல இருக்கற சிவப்பு கோடெல்லாம் மறைஞ்சு போயிடும்.

மத்தபடி ரப்பர், சின்ன துணி, விமானத்தோட செக்லிஸ்ட், மேப், ஸ்கேல், இ6பி (வேகம், நேரம், பெட்ரோல் கணக்கு போடற வட்ட அட்டை). ஆரம்பத்துக்கு இது போதும். தோல் பை, பைலட்னு எழுதின சாவிக்கொத்து, பெரிய கைக்கடிகாரம், இதெல்லாம் இப்ப வேணாம், அந்த காசுக்கு ஒரு மணி நேரமாச்சும் கூட பறக்கலாம். மேலாடை துப்பட்டா இல்லாம, முடியை இறுக்கி பின்னி போயிடு. மாதவிடாய் நாளுக்கு வேணுங்கறதையும் பையோட உள் பாக்கெட்ல எப்பவும் போட்டு வெச்சுக்க, ஏர்ஃபீல்டு பக்கத்துல கடை இருக்கும்னு நம்ப முடியாது.

கேள்வி (ஓசூர், கம்பெனி ஊழியர்): பையோட எடை ஒரு பிரச்சனையா சார்? 5, 6 கிலோ கூடினா என்ன ஆயிடப் போகுது?

பதில்: நீங்க ஓசூர்ல இருந்து கேக்கறதால உங்க ஊரை வெச்சே கணக்கு போடலாம். செஸ்னா 152 எடுத்துக்கோங்க, மொத்தமா 757 கிலோக்கு மேல தூக்கக் கூடாது. வெறும் விமானமே சுமார் 520 கிலோ, விமானத்துக்கு விமானம் கொஞ்சம் மாறும். டேங்க் ஃபுல்லா போட்டா 98 லிட்டர், ஏவ்கேஸ் லிட்டருக்கு 720 கிராம்னு வெச்சா கிட்டத்தட்ட 71 கிலோ. 80 கிலோ ஆளு ரெண்டு பேர் உக்காந்தா 160. கூட்டிப் பாருங்க, 751. மிச்சம் 6 கிலோ தான், நீங்க "என்ன ஆயிடப் போகுது"ன்னு சொன்ன அதே 6 கிலோ.

இதோட முடியல. ஓசூர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 3,000 அடி உயரம். அந்த உயரத்துக்கு விமான கணக்குல வெச்சிருக்கற ஸ்டாண்டர்டு டெம்பரேச்சர் 9 டிகிரி. ஏப்ரல் மத்தியானம் 35 டிகிரின்னா 26 டிகிரி அதிகம், சூட்டுல காத்து மெலிசாகறதால ஒரு டிகிரிக்கு 120 அடின்னு போட்டா இன்னும் 3,000 அடிக்கு மேல ஏறின மாதிரி ஆகுது. ஆக ரன்வேல நின்னுட்டு இருக்கறப்பவே உங்க எஞ்சினும் ரெக்கையும் 6,000 அடி உயரத்துல இருக்கற காத்தைத் தான் பாக்குது. எஞ்சினுக்கு சக்தி குறையும், ரன்வேல அதிக தூரம் ஓடும், மேல ஏறறது மந்தமா இருக்கும். பெலகொண்டப்பள்ளில இருக்கற தனியார் ரன்வே நல்ல நீளம், ஆனா நீளமான ரன்வே ஏற ஆரம்பிச்ச பிறகு உதவாது, எதிர்ல இருக்கற மலை மேட்டை விமானம் தான் தாண்டணும்.

அதனால பையை வீட்டு தராசுல வெச்சு எடை போடுங்க, அந்த நம்பரை வெயிட் அண்ட் பேலன்ஸ் ஷீட்ல எழுதுங்க, எங்க வெக்கறீங்களோ அந்த இடத்து கணக்குல எழுதுங்க. பின்னாடி வெச்சா விமானத்தோட பேலன்ஸ் பின்னாடி போகும்.

இன்னொன்னு, எடையை விட எனக்கு பயம் உருள்ற பொருள் மேல தான். ஸ்டீல் வாட்டர் பாட்டில் தரையில இருந்தா, இறங்கறப்போ மூக்கு தாழ்ந்ததும் அது முன்னாடி உருண்டு ரட்டர் பெடலுக்கு (விமானத்தோட மூக்கை இடம் வலம் திருப்ப காலால அழுத்தறது) அடியில போய் நிக்கும். பெடலோட மேல்பாதி தான் பிரேக். காத்து குறுக்க அடிக்கற நாள்ல ரன்வே தொட்ட நேரம் பாத்து பெடல் அழுத்த முடியலைன்னா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. பையோட தொங்கற பட்டையும் அப்படித் தான், சீட் நகர்ற தண்டவாளத்துல போய் மாட்டிக்கிட்டா சீட் லாக் ஆகாது, டேக் ஆஃப்ல விமானம் மூக்கைத் தூக்கறப்போ சீட் பின்னாடி வழுக்கிடும், கை தானா ஸ்டியரிங்கை இழுத்துடும். பட்டையை சுருட்டி உள்ள போடுங்க, பையை பெல்ட்டாலயோ வலையாலயோ கட்டுங்க.

கேள்வி (கிருஷ்ணகிரி): ஹெட்செட் லட்ச ரூபாய்ல இருக்கே, அவ்ளோ தேவையா?

பதில்: ஹெட்செட் தேவை, லட்சம் தேவையில்ல. சின்ன விமானத்துக்குள்ள சத்தம் 90 டெசிபல் பக்கம் இருக்கும், தினமும் அதுல உக்காந்தா காது போயிடும், போனது திரும்ப வராது. பச்சை கலர் டேவிட் கிளார்க் எச்10-13.4, பல வருஷமா எல்லா ஸ்கூல்லயும் இருக்கறது, பேட்டரி இல்லாமலே நல்லா சத்தத்தை அடைக்கும், பழசு நல்ல நிலைமையில கிடைச்சா தயங்காம வாங்குங்க, காது மெத்தையை மட்டும் புதுசு போட்டுக்கோங்க. போஸ் மாதிரி எலக்ட்ரானிக்கா சத்தத்தை குறைக்கறது ரொம்ப சொகுசு, லட்சத்தை தாண்டும், நீண்ட தூரம் பறக்க ஆரம்பிச்ச பிறகு யோசிக்கலாம்.

ஒயர் முனையில ரெண்டு பிளக் இருக்கும், தடிமனானது காதுக்கு, மெலிசானது மைக்குக்கு. டவருக்கு நீங்க பேசறது கேக்கலைன்னா ரேடியோவை திட்டறதுக்கு முன்னாடி மெலிசு பிளக்கை அழுத்தி பாருங்க, முழுசா உள்ள போகாம நின்னிருக்கும். கூலிங் கிளாஸ் போடறவங்க காம்பு மெலிசா இருக்கறதா பாத்து வாங்கணும், தடி காம்பு மெத்தையை தூக்கி விட்டுடும், அந்த இடைவெளி வழியா சத்தம் வரும். போலரைஸ்டு கண்ணாடி வேணாம், டிஜிட்டல் ஸ்கிரீன் அதுல கருப்பா தெரியும்.

கேள்வி (தர்மபுரி, ஐடி வேலை): இப்ப எல்லாமே டேப்லெட்ல இருக்கே, இன்னும் எதுக்கு பேப்பர் மேப்?

பதில்: டேப்லெட் வேணாம்னு சொல்லவே மாட்டேன், நானும் வெச்சிருக்கேன். ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டி இணையத்துல ஏஐபி, அதாவது விமான தளங்களோட விவரம், விதியெல்லாம் இருக்கற தொகுப்பு, இலவசமாவே இருக்கு, போகப் போற ஏரோட்ரோம் பக்கங்களை இறக்கி வெச்சுக்கலாம், பெரிய வசதி. ஆனா ஐபேடுக்கு ஆப்பிள் சொல்றதே 35 டிகிரி வரைக்கும் தான். நம்ம தர்மபுரி வெயில்ல நிறுத்தின விமானத்தோட கண்ணாடிக்கு கீழ எவ்ளோ இருக்கும்னு உங்களுக்கே தெரியும், சூடு அதிகம்னு ஒரு எச்சரிக்கை காட்டிட்டு அணைஞ்சு போயிடும், நீங்க தொப்பூர் கணவாய்க்கு மேல இருக்கீங்களா மேட்டூர் பக்கம் போயிட்டீங்களான்னு அது வந்து சொல்லாது. அதோட வைஃபை மட்டும் இருக்கற ஐபேடுல ஜிபிஎஸ்ஸே கிடையாது, சிம் போடற மாடல்ல தான் இருக்கு, வாங்கறப்போ இதைக் கேட்டு வாங்குங்க.

பேப்பர்ல கோடு போட்டு, 10 நிமிஷத்துக்கு ஒரு அடையாளம் குறிச்சு வெச்சா, கேஆர்பி டேம் தண்ணி, 44ம் நம்பர் நெடுஞ்சாலை, ரயில் பாதைன்னு ஒவ்வொன்னா பாத்துட்டே போயிடலாம். பவர் பேங்க் கொண்டு போனா வெயில் படற இடத்துல வெக்காதீங்க, பின்னாடி பைக்குள்ளயும் புதைக்காதீங்க, லித்தியம் பேட்டரி சூடாகி புகைஞ்சா உடனே கையில எடுக்கற மாதிரி இருக்கணும்.

கேள்வி (பென்னாகரம், ஒரு அம்மா): பையன் காலைல 5 மணிக்கே கிளம்பறான் தம்பி, சாப்பாடு என்ன கட்டி குடுக்கறது? இருமலுக்கு சிரப்பும் பையிலயே வெச்சு அனுப்பறேன்.

பதில்: அம்மா, முதல்ல சிரப்பை எடுத்துடுங்க. ஃப்ளைட்டுக்கு முன்னாடி குழாய்ல ஊத சொல்லி ஆல்கஹால் டெஸ்ட் பண்ணுவாங்க, டிரெயினிங் பசங்களுக்கும் உண்டு. பறக்கறதுக்கு 12 மணி நேரத்துக்குள்ள குடிக்கக் கூடாதுங்கறது மட்டும் இல்ல, ஆல்கஹால் இருக்கற மருந்து, மவுத்வாஷ் கூட கூடாதுன்னு டிஜிசிஏ விதியிலயே இருக்கு. பல இருமல் சிரப்புலயும் ஹோமியோபதி சொட்டு மருந்துலயும் ஆல்கஹால் இருக்கும், தம்பி எந்த தப்பும் பண்ணாமலே மாட்டிக்குவான். சளி மாத்திரை, வாந்தி வராம இருக்க போடற மாத்திரை, ரெண்டும் தூக்கம் வர வைக்கும், அதுவும் ஆகாது. சளி பிடிச்சு மூக்கு அடைச்சிருக்குன்னா அன்னைக்கு லீவு போட சொல்லுங்கம்மா, இறங்கறப்போ காதுக்குள்ள காத்து சமமாகாம உயிர் போற வலி வரும்.

சாப்பாடு, இட்லி ரொம்ப நல்லது, ரெண்டு வாழைப்பழம், கொஞ்சம் வேர்க்கடலை உருண்டை. வெறும் வயித்தோட அனுப்பிடாதீங்க, வயித்த காலியா வெச்சா தான் வாந்தி வராதுன்னு பசங்க நினைக்கறாங்க, அது தப்பு. மொச்சை, சுண்டல், உருளைக்கிழங்கு அன்னைக்கு வேணாம், மேல போகப் போக வெளிய காத்தழுத்தம் குறையும், வயித்துல இருக்கற வாயு விரியும். தண்ணி அமுக்கினா வர்ற பிளாஸ்டிக் பாட்டில்ல, ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்னு. மாம்பழ ஜூஸ் மட்டும் குடுத்துடாதீங்க, நம்ம ஊரு சரக்கு தான் ஆனாலும் சுவிட்ச் மேல சிந்தினா பிசின் மாதிரி ஒட்டிக்கும்.

கேள்வி (தேன்கனிக்கோட்டை): எங்க ஊரைச் சுத்தி காடு, போன் டவர் கிடைக்காது. இங்க இறங்க வேண்டி வந்தா? சேட்டிலைட் மெசேஜ் கருவி பையில வெச்சுக்கலாமா?

பதில்: நல்ல கேள்வி, ஆனா வேணாம். சேட்டிலைட் போன், கார்மின் இன்ரீச் மாதிரி கருவி எல்லாம் தொலைத்தொடர்பு துறை அனுமதி இல்லாம இந்தியாவுல வெச்சிருக்கறதே குற்றம். கையில பிடிக்கற ஏர்பேண்ட் ரேடியோவும் லைசென்ஸ் இல்லாம கூடாது. வெளிநாட்டு லிஸ்ட்டைப் பாத்து ஆர்டர் போடறவங்க இதை கவனிக்கறதில்ல.

விமானத்துலயே 406 மெகாஹெர்ட்ஸ் ஈஎல்டி, அதாவது விபத்துல இடத்தை காட்டிக் குடுக்கற அவசர சிக்னல் கருவி, இருக்கும், மோதின வேகத்துல தானா வேலை செய்யும், அந்த சிக்னல் சேட்டிலைட் வழியா பெங்களூருல இஸ்ரோவோட மிஷன் கன்ட்ரோல் சென்டருக்கு வந்து சேரும். உங்க வேலை, அது இருக்கற சுவிட்ச் எங்கன்னு தெரிஞ்சுக்கறது, கிளம்பறதுக்கு முன்னாடி போற வழியையும் நேரத்தையும் கீழ ஒருத்தர்கிட்ட எழுதி குடுக்கறது. அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கம் காட்டுக்கு மேல போறதுன்னா விசில், சின்ன கண்ணாடி, போன், பெல்ட் அறுக்கற கத்தி, இதெல்லாம் பையில இல்ல, சட்டை பேண்ட் பாக்கெட்லயே இருக்கட்டும். புகையோட வெளிய குதிக்கறப்போ யாரும் பையை தேட முடியாது. யானை நடமாட்டம் இருக்கற காடு, அதனால அடிபடாம இருந்தா விமானத்தை விட்டு தூரமா நடக்காதீங்க, தேடறவங்களுக்கும் ஆளை விட விமானம் தான் சுலபமா தெரியும்.

கேள்வி (பர்கூர்): நான் கண்ணாடி போடறவன், பறக்கலாமா?

பதில்: பறக்கலாம், மெடிக்கல்ல டாக்டர் பாத்து எழுதி குடுப்பார். ஆனா அதே பவர்ல ரெண்டாவது கண்ணாடி கை எட்டற இடத்துல இருக்கணும், விருப்பம் இல்ல இது, கட்டாயம்.

கேள்வி (காவேரிப்பட்டணம், 10ம் வகுப்பு): எத்தனை வயசுல ஆரம்பிக்கலாம் அங்கிள்?

பதில்: ஸ்டூடண்ட் லைசென்ஸ் 16 வயசுல, பிரைவேட் பைலட் லைசென்ஸ் 17ல, அதுக்கு குறைஞ்சது 40 மணி நேரம் பறந்திருக்கணும். தொழிலா பண்ணனும்னா 18 வயசும் 200 மணி நேரமும், பிளஸ் டூல பிசிக்ஸும் மேத்ஸும். அதனால குரூப் எடுக்கறப்போ யோசிச்சு எடு கண்ணு.

கேள்வி (பாலக்கோடு): என் மச்சான் பிரைவேட் லைசென்ஸ் வாங்கிட்டான், என்னை கூட்டிட்டு போறேன்னு சொல்றான். நான் என்ன எடுத்துட்டு போகணும்? மேல இருந்து நம்ம ஊரை வீடியோ எடுக்கலாமா?

பதில்: உங்க மச்சான்கிட்ட நிஜமான எடையை சொல்லுங்க, ஷூ, போன் எல்லாம் சேத்து. வெக்கப்பட்டு 90ஐ 80ன்னு சொன்னா மேல ஓசூர் வாசகருக்கு போட்ட கணக்கு அப்படியே தப்பாயிடும். கையில வேற எதுவும் வேணாம், ஒரு கெட்டியான பிளாஸ்டிக் கவர் மட்டும், வாந்தி வந்தா அதுக்கு, அதை பாக்கெட்ல வெச்சுக்கோங்க. வீடியோ விஷயத்துல ஆசையா இருக்கும் தான், ஆனா சின்ன விமானத்துல இருந்து தரையை படம் பிடிக்க டிஜிசிஏ அனுமதி வேணும், அனுமதி இல்லைன்னா போனை உள்ளயே வெச்சுக்கோங்க, மாட்டினா லைசென்ஸ் போறது மச்சானுக்கு. அப்புறம், மச்சான் உங்ககிட்ட டிக்கெட் மாதிரி காசு வாங்கக் கூடாது, பிரைவேட் லைசென்ஸுக்கு அதுக்கு அனுமதி கிடையாது. கதவு எப்படி திறக்கறது, பெல்ட் எப்படி கழட்டறதுன்னு கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை உங்க கையாலயே செஞ்சு பாருங்க, அவன் டவரோட பேசிட்டு இருக்கறப்போ மட்டும் நீங்க பேச்சு குடுக்காதீங்க.